ஒக்லாந்தில் லில்லி எடுத்த பதினொன்று

டெனிஸ் லில்லி ஒரே டெஸ்ட் போட்டியில் காட்டிய மிகச் சிறந்த பெறுபேறு எது என்று கேட்டால், கிரிக்கெட் தெரிந்த எங்கட ஆட்களில் பத்துக்கு எட்டுப் பேர் "மெல்பேர்ன்" என்பார்கள். 1977 மார்ச்சில் நடந்த நூற்றாண்டு டெஸ்ட். இங்கிலாந்தை 95 ஓட்டத்துக்குச் சுருட்டியது, கடைசியில் சக வீரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் படமாகவே மனதில் நிற்கும். அந்தப் போட்டியில் அவர் எடுத்தது பதினொரு விக்கெட், 165 ஓட்டத்துக்கு. ஆனால் அது அவருடைய சிறந்த கணக்கு இல்லை. அதற்கு முந்தின டெஸ்டில், இரண்டு கிழமைக்கும் குறைந்த இடைவெளியில், 123 ஓட்டத்துக்குப் பதினொன்று எடுத்திருந்தார். அது நடந்த இடம் எங்கட ஒக்லாந்து, ஈடன் பார்க்.

ஒக்லாந்தில் இருக்கிற தமிழ் ஆட்களுக்கு ஈடன் பார்க்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேறு நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. நகரத்துக்குத் தென்மேற்கே, கிங்ஸ்லாந்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவில் முளைத்த மாதிரி நிற்கிற மைதானம். உண்மையில் அது றக்பிக்கான இடம். கிரிக்கெட்டுக்கு அதன் வடிவம் பொருந்தாது. நேரே அடித்தால் எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரம். இப்படி ஒரு மூலையில் உலகத்தின் பெரிய வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் தன் ஆகச் சிறந்த போட்டியை விளையாடிவிட்டுப் போனது இங்கே இருக்கிற இளசுகள் பலருக்குத் தெரியாது.

அந்தப் போட்டியில் எடுத்த ஒரு புகைப்படம் மட்டும் உலகம் முழுக்கத் தெரியும். லில்லி பந்தைப் போடுகிறார். விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் வில் வளைத்த மாதிரி ஒன்பது பேர் சிலிப்பில் நிற்கிறார்கள். ஒன்பது பேர்! கணக்குப் பார்த்தால் வீசுபவர், காப்பாளர், ஒன்பது சிலிப், அவ்வளவுதான் முழு அணியும். முன்னால் ஒரு குருவிகூட இல்லை. நியூசிலாந்தின் கடைசி விக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. லில்லி தன்னுடைய புத்தகம் ஒன்றுக்காக இப்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்க, அணித்தலைவர் கிறெக் சப்பல் ஆட்களை நிறுத்திக் கொடுத்தார் என்று சொல்வார்கள். சோடனை தான். ஆனால் சும்மா ஒரு வீச்சாளருக்கு இந்தச் சோடனையைச் செய்ய ஒரு தலைவனும் துணிய மாட்டான்.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற கதையைத்தான் எழுத நினைத்தேன். படத்தில் பந்து வீசுகிற மனிதருக்கு அப்போது 27 வயது. நான்கு வருடத்துக்கு முன்னம் முள்ளந்தண்டு முறிந்து, இனி இவர் வேகமாகப் பந்து வீசமாட்டார் என்று பலரும் எழுதிவிட்ட மனிதர் அவர்.

லில்லி 1949 யூலை 18 இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரத்தின் சுபியாக்கோவில் பிறந்தவர். 1971 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அடிலெய்டில் முதல் டெஸ்ட். முதல் இனிங்சிலேயே 84 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட். அந்தக் கால லில்லி வெறும் வேகம். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஓடிவந்து, தலைமயிர் பறக்க, உடம்பிலுள்ள முழுப் பலத்தையும் ஒவ்வொரு பந்திலும் கொட்டிவிடுகிற ஒரு காட்டுக்குதிரை.

1971 டிசம்பரில் பேர்த்தில் உலக அணிக்கு எதிராக அவர் வீசியதை இன்றைக்கும் கதைப்பார்கள். நிறவெறி எதிர்ப்பினால் தென்னாபிரிக்காவின் வருகை கைவிடப்பட, அந்த இடத்துக்கு அழைத்துவரப்பட்ட அணி அது. சோபேர்ஸ் தலைவர். கவாஸ்கர், பெடி, பாறூக் எஞ்சினியர் ஒரு பக்கம். இன்டிகாப் ஆலம், சாகீர் அப்பாஸ் இன்னொரு பக்கம். ஊரில் இந்தியாவும் பாகிஸ்தானும் வங்காளத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் இவர்கள் ஒரே அணிக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தனியாகவே எழுதலாம். அந்த அணி 59 ஓட்டத்துக்குச் சுருண்டது. லில்லி 29 ஓட்டத்துக்கு எட்டு விக்கெட். அடுத்து மெல்பேர்னில் சோபேர்ஸ் லில்லியிடம் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்து, இரண்டாம் இனிங்சில் 254 அடித்துத் தந்தது வேறு கதை. 1972 இல் இங்கிலாந்துக்குப் போய் ஐந்து டெஸ்டில் 31 விக்கெட் எடுத்தார் லில்லி.

பிறகு 1973 இன் தொடக்கம். மேற்கிந்தியத் தீவுகள் பயணம். ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் முதல் டெஸ்ட். ஒரு விக்கெட்டும் இல்லை. முதுகுவலி. தசைப்பிடிப்பு என்று நினைத்தது கடைசியில் முள்ளந்தண்டின் அடிப்பகுதி எலும்புகளில் மூன்று வெடிப்பு என்று தெரியவந்தது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பாரம் விழுந்து எலும்பு களைத்து வெடிக்கிற வகை. வேகப்பந்து வீச்சாளருக்கு வருகிற நோய்களில் இதுதான் ஆகக் கொடியது. காரணம் இலகுவானது. ஓடிவருகிற வேகம் முழுவதையும் முன்கால் நிலத்தில் ஊன்றி நிறுத்துகிறது. அந்த நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் முறுக்குகின்றன. அந்த முறுக்கின் நடுவில் இருப்பது முள்ளந்தண்டு. ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது தரம்.

இன்றைக்கு என்றால் ஸ்கான், சத்திரசிகிச்சை, கணினியில் வீச்சை அலசுகிற நிபுணர்கள் என்று ஒரு பட்டாளமே நிற்கும். அன்று லில்லிக்குக் கிடைத்தது ஆறு கிழமை பிளாஸ்டர்க் கட்டு. உடம்பின் நடுப்பகுதி முழுவதும் கட்டு. அதைக் கழற்றிய பிறகு வந்ததுதான் எனக்கு முக்கியமான பகுதி. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையில் இருந்த பிராங் பைக் என்ற அறிஞரிடம் போனார். வயிறு, முதுகு, கால் என்று ஒவ்வொரு தசையாகப் பலப்படுத்துகிற பயிற்சி. தன் வீச்சையும் பிரித்துப் பார்த்து, எங்கே உடம்பு தேவையில்லாமல் முறுகுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தினார். 1973-74 பருவத்தில் கழகப் போட்டிகளில் பெரும்பாலும் துடுப்பாட்டக்காரராகவே விளையாடினார். உலகத்தின் அதிவேக வீச்சாளர் ஒருவர் கழகத்து விளையாட்டில் மட்டையோடு நிற்கிறார். மற்றவர்கள் பந்து வீசுகிறார்கள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இதை நீட்டுவதற்கு என் சொந்தக் காரணமும் உண்டு. ஊரில் மேசையில் இருந்து வேலை செய்தவன் நான். இங்கே வந்து முதல் நான்கு வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். முப்பத்தைந்து வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. காலமை எழும்பிச் சப்பாத்துக்கு நூல் கட்டமுடியாத நிலை. வைத்தியர் இரண்டு குளிசை எழுதித் தந்தார். பிசியோதெரபி செய்த பெண்பிள்ளைதான், "நீங்கள் தூக்குகிற முறையையே மாற்றவேண்டும், குனிவதை முதலில் இருந்து பழகுங்கள்" என்றாள். முதலில் சிரிப்பு வந்தது. குனிவதை யாராவது பழகுவார்களா? பழகினேன், மூன்று மாதம். எங்களில் எத்தனை பேர் வாத்தியாராக, கிளாக்கராக, வரைவாளராக இருந்துவிட்டு இங்கே வந்து முப்பது நாற்பது வயதில் ஒரு தொழிலை அரிச்சுவடியில் இருந்து தொடங்கினோம்! அதனால் லில்லியின் எட்டுக்கு 29 ஐ விட அந்த வெறுமையான 1973-74 தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1974 கடைசியில் திரும்பி வந்தார். மறுமுனையில் ஜெப் தொம்சன். அந்த ஆஷஸ் தொடரில் தொம்சனுக்கு 33, லில்லிக்கு 25. இங்கிலாந்துக்காரருக்கு அந்தக் கோடை கெட்ட கனவு. மைதானத்தில் சனம் "லில்லி, லில்லி" என்று தாளம் போட்டு, ஓடிவரும்போது "கில், கில்" என்று கத்தும். கொல்லு, கொல்லு என்று. பெடியனாக இருந்த காலத்தில் இதைக் கேள்விப்பட்டு நாங்களும் ஒழுங்கையில் ரெனிஸ் பந்தோடு அப்படிக் கத்தியிருக்கிறோம். அந்தச் சொல்லை உண்மையாகவே சொல்லிக்கொண்டு வருகிற ஆட்களைப் பிறகு ஊரில் பார்த்துவிட்டோம். இப்போது பழைய ஒளிப்பதிவில் அந்தச் சத்தம் வந்தால் ஒலியைக் குறைத்துவிடுவேன்.

அந்த வேகத்தின் மறுபக்கத்தை இலங்கை அணியும் பார்த்தது. 1975 யூன் 11, லண்டன் ஓவல், முதலாவது உலகக் கிண்ணம். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. அவுஸ்திரேலியா 328. தலைக்கவசம் கிடையாது. தொம்சனின் பந்துகளில் துலிப் மெண்டிசுக்குத் தலையில் அடி, சுனில் வெத்தமுனிக்குக் காலில் அடி. இருவரும் வைத்தியசாலைக்குப் போனார்கள். அப்படியும் இலங்கை நான்கு விக்கெட் இழப்புக்கு 276 எடுத்து முடித்தது. தோல்விதான். ஆனால் ஓடி ஒளியவில்லை. 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் பவுன்சர் பட்டு இறந்தபோது, தலைக்கவசம் இல்லாத அந்தக் காலத்தில் இது நடக்காமல் போனதை நினைத்து உடம்பு நடுங்கியது.

ஒக்லாந்துக்கு வருவோம். 1976 டிசம்பரில் அடிலெய்டில் பிடி எடுக்கப் போய் அலன் ரேணரோடு மோதித் தொம்சனின் தோள் உடைந்தது. ஆகவே 1977 பெப்ரவரியில் நியூசிலாந்துக்கு வந்த லில்லிக்கு மறுமுனையில் பயமுறுத்த ஆள் இல்லை. மக்ஸ் வோக்கர், கரி கில்மர் நல்ல வீச்சாளர்கள். ஆனால் தொம்சன் இல்லை. கிறைஸ்ட்சேர்ச்சில் முதல் டெஸ்ட். டக் வோல்ரேர்ஸ் 250 அடித்தும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது.

பெப்ரவரி 25 இல் ஈடன் பார்க்கில் இரண்டாவது டெஸ்ட். நியூசிலாந்து முதல் இனிங்சில் 229. லில்லி 51 ஓட்டத்துக்கு ஐந்து. அவுஸ்திரேலியா 377. இடையில் ஒரு மனிதன் அம்மணமாக மைதானத்துக்குள் ஓடிவந்ததும், கிறெக் சப்பல் அவனைப் பிடித்துப் பின்பக்கத்தில் மட்டையால் இரண்டு வைத்ததும், கொஞ்ச நேரத்தில் சப்பலே ரன் அவுட் ஆனதும் இந்தப் போட்டியில்தான். (இன்றைக்கும் வயதான நியூசிலாந்துக்காரரிடம் 1977 என்றால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். லில்லி பிறகுதான்!) இரண்டாம் இனிங்சில் நியூசிலாந்து 175. லில்லி 72 ஓட்டத்துக்கு ஆறு. அவுஸ்திரேலியா வெல்ல வேண்டியது 28; விக்கெட் இழக்காமல் எடுத்தார்கள். பத்து விக்கெட் வெற்றி.

இந்தப் பதினொன்றையும் 1972 இன் லில்லி எடுத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அந்த லில்லி பந்தை எறிந்துவிட்டு விக்கெட் விழும் என்று காத்திருந்தவர். இந்த லில்லி வேகத்தைக் கையில் வைத்திருந்து, தேவையான இடத்தில் மட்டும் செலவழிப்பவர். வெளியே போகிற அவுட்ஸ்விங்கர், நிலத்தில் பட்டு விலகுகிற லெக் கட்டர், அதே கையசைவில் மெதுவாக வருகிற ஒரு பந்து. ஓர் ஓவரில் ஐந்து பந்தால் ஆளை ஓரிடத்துக்கு நகர்த்திவிட்டு ஆறாவதில் கதையை முடிப்பது. ஒன்பது சிலிப் படம் வேகத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். எனக்கு அது, பந்து மட்டையின் எந்த விளிம்பில் படும் என்று தெரிந்த ஒருவரின் படமாகத் தெரிகிறது.

நியூசிலாந்து அணியில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஓர் இளைஞன் றிச்சர்ட் ஹாட்லி. அவரும் அந்தக் காலத்தில் நீண்ட ஓட்டம், வெறும் வேகம் என்று இருந்தவர். பிறகு ஓட்டத்தைக் குறைத்து, தலையால் வீசப் பழகினார். நெருக்கடியில் நிற்கும்போது "இந்த இடத்தில் லில்லி என்ன செய்வார்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வதாக ஹாட்லி பலமுறை சொல்லியிருக்கிறார். 1990 இல் டெஸ்டில் 400 விக்கெட்டைத் தொட்ட முதல் மனிதர் ஆனார். 431 இல் நின்றார். பகையாளி அணியின் மாணவன் வாத்தியாரைத் தாண்டிப் போனான்.

மெல்பேர்ன் நூற்றாண்டு டெஸ்டை எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கிவிடுகிறேன். 26 க்கு ஆறு, 139 க்கு ஐந்து. டெரெக் றண்டலின் 174 ஐயும் தாண்டி அவுஸ்திரேலியா 45 ஓட்டத்தால் வென்றது. நூறு வருடத்துக்கு முன்னம் 1877 இல் வென்றதும் அதே 45 ஓட்டத்தால். இரண்டு அடுத்தடுத்த டெஸ்டில் 22 விக்கெட். விலை? முதுகு மறுபடியும் முறைப்பாடு செய்தது. 1977 இங்கிலாந்துப் பயணத்துக்கு லில்லி போகவில்லை.

பிறகு கெரி பாக்கர். தொலைக்காட்சி முதலாளி, ஆட்டக்காரரை விலைக்கு வாங்கினார் என்று அன்று திட்டினார்கள். நிறைந்த மைதானத்தில் விளையாடிவிட்டு, வீட்டுக்குப் போய் வங்கியில் வேலைக்குப் போகவேண்டிய நிலையில் இருந்த ஆட்டக்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? கூலி கேட்டது குற்றம் இல்லை. லில்லி 1977 முதல் 1979 வரை அதிகாரபூர்வ டெஸ்ட் எதிலும் இல்லை. பாக்கரின் போட்டிகளில் உலகத்தின் ஆகச் சிறந்த துடுப்பாட்டக்காரருக்கு எதிராக எடுத்த விக்கெட் ஒன்றும் டெஸ்ட் கணக்கில் சேராது.

கெட்டதையும் சொல்லவேண்டும். 1979 டிசம்பரில் பேர்த்தில் அலுமினிய மட்டையோடு இறங்கி, மாற்றச் சொன்னபோது அதை எறிந்தது கோமாளித்தனம். 1981 இல் ஹெடிங்லியில் தன் அணி தோற்கும் என்று 500 க்கு 1 பந்தயத்தில் பத்துப் பவுண் கட்டியது, வேடிக்கைக்கு என்றாலும், செய்யக்கூடாதது. அதே வருடம் நவம்பரில் பேர்த்தில் ஜாவிட் மியன்டாட்டைக் காலால் தட்டியதும், அவர் மட்டையை ஓங்கியதும் இரண்டு பேருக்கும் வெட்கம். இவ்வளவும் செய்த ஆள்தான் அந்த 1981 இல் ஒரே வருடத்தில் 85 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். டிசம்பரில் மெல்பேர்னில் லான்ஸ் கிப்சின் 309 ஐத் தாண்டினார். 1984 தொடக்கத்தில் சிட்னியில் ஓய்வு. 70 டெஸ்ட், 355 விக்கெட், சராசரி 23.92. அதே டெஸ்டோடு டெஸ்ட் விளையாட்டை முடித்த விக்கெட் காப்பாளர் றொட்னி மார்ஷின் கணக்கும் 355 தான். அதில் 95 பேர் லில்லியின் பந்தில் மார்ஷிடம் பிடி கொடுத்தவர்கள். மார்ஷ் 2022 மார்ச்சில் காலமானார்.

இங்கேதான் என் மருமகனோடு எனக்கு வாக்குவாதம். ஒக்லாந்தில் பிறந்து வளர்ந்தவன், புள்ளிவிபரத்தில் புலி. "மாமா, லில்லி இந்தியாவிலை ஒரு டெஸ்டும் விளையாடேல்லை. எங்கட பக்கத்து ஆடுகளத்திலை நாலே நாலு டெஸ்ட், ஆறு விக்கெட். பிறகென்ன ஆகப் பெரிய வீச்சாளர்?" என்கிறான்.

கணக்குச் சரி. 1980 இல் பாகிஸ்தானில் மூன்று டெஸ்ட், 303 ஓட்டம் கொடுத்து மூன்றே விக்கெட். முதல் இரண்டு டெஸ்டில் ஒன்றும் இல்லை. நாலாவது டெஸ்ட் கண்டி அஸ்கிரியவில், 1983 ஏப்ரல். அவுஸ்திரேலியா இலங்கையோடு விளையாடிய முதல் டெஸ்ட். அவுஸ்திரேலியா ஓர் இனிங்சாலும் 38 ஓட்டத்தாலும் வென்றது. லில்லிக்கு மூன்று விக்கெட். அந்த ஏப்ரலில் மலைகளுக்கு நடுவில் லில்லி ஓடிவருவதை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று மாதத்தில் யூலை வந்தது. அதற்குப் பிறகு வானொலியை வேறு செய்திக்காகத்தான் திருகினோம்.

கண்டிக்கு ஒரு மாதம் முன்னம், 1983 மார்ச்சில், இலங்கை அணி இங்கே நியூசிலாந்தில் இரண்டு டெஸ்ட் விளையாடியது. அதில் வினோதன் ஜோன் என்ற தமிழ் வேகப்பந்து வீச்சாளர் கிறைஸ்ட்சேர்ச்சில் முதல் டெஸ்ட் விளையாடி, வெலிங்டனில் 60 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அதே பயணத்தில் ஸ்ரீதரன் ஜெகநாதனும் இரண்டு டெஸ்ட் விளையாடினார். அவருக்கு அவ்வளவுதான் டெஸ்ட். வினோதன் ஜோன் 1984 லோர்ட்ஸ் டெஸ்டோடு நின்றார். ஆறு டெஸ்ட், 28 விக்கெட், சராசரி 21.92. லில்லியின் சராசரியைவிடக் குறைவு. ஆறு டெஸ்டையும் எழுபதையும் ஒப்பிடக்கூடாது, தெரியும். ஆனாலும் எங்கட பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்திருக்கவேண்டும், அதனால் எழுதிவிட்டேன்.

மருமகனுக்கு என் பதில் சென்னையில் இருக்கிறது. 1987 இல் எம்.ஆர்.எஃப் ரயர் கம்பனி சென்னையில் வேகப்பந்து வீச்சுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. சேத்துப்பட்டில், கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில். அதற்குத் தலைமைப் பயிற்றுநராக வருடத்தில் சில தடவை பேர்த்தில் இருந்து வந்துபோனவர் லில்லி. அவர் இல்லாத நாட்களில் நடத்தியவர் தமிழ்நாட்டின் பழைய வேகப்பந்து வீச்சாளர் ரி.ஏ.சேகர். சுழல்பந்தை நம்பி வாழ்ந்த நாடு அது. புதுப்பந்தின் பளபளப்பைப் போக்கக் கவாஸ்கரே இரண்டு ஓவர் வீசிவிட்டுப் பெடியிடமும் சந்திரசேகரிடமும் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. கபில்தேவ் தனி மரம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தோப்பு வைக்க வந்தார்கள்.

அங்கே அவர் முதலில் பார்த்தது வேகத்தை இல்லை, முதுகை. பக்கவாட்டாக நின்று வீசுகிறானா, நேராக நின்று வீசுகிறானா, அல்லது இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் போகிற கலப்பு வீச்சா? கலப்பு என்றால் முதுகு ஒரு நாள் போகும். அதைத் திருத்தாமல் வேகம் பற்றிக் கதையே இல்லை. பேர்த்தில் பிளாஸ்டருக்குள் கிடந்து அவர் படித்த பாடம், சென்னை வெயிலில் கிராமத்துப் பெடியளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீநாத், சாகீர் கான், இர்பான் பதான், முனாப் பட்டேல், ஸ்ரீசாந்த் என்று வரிசை நீளும். 1987 இல் வேகப்பந்து வீச்சாளராக வேண்டும் என்று பம்பாயில் இருந்து ஒரு சின்னப் பெடியனும் போனான். லில்லி பார்த்துவிட்டு, நீ துடுப்பாட்டத்தைப் பார் என்று அனுப்பிவிட்டார். பெடியனின் பெயர் சச்சின் ரெண்டுல்கர். அந்த ஒரு முடிவுக்கே லில்லிக்குச் சென்னையில் சிலை வைக்கலாம்!

இருபத்தைந்து வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டு 2012 இல் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் கிளென் மக்ராத். சின்ன வயதில் அதே சென்னை நிலையத்தில் பழகியவர். 563 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வுபெற்றவர். மக்ராத்தையும் ஈடன் பார்க் மறக்காது. 2005 பெப்ரவரி 17, ஆண்களின் முதலாவது சர்வதேச ருவென்ரி ருவென்ரி. வெற்றி உறுதியான பிறகு, 1981 இல் ரெவர் சப்பல் செய்த மாதிரிப் பந்தை நிலத்தில் உருட்டப்போவதாகப் பாவனை காட்டினார் மக்ராத். நடுவர் பில்லி பௌடன் உதைபந்தாட்ட நடுவர் மாதிரிச் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்ட, மைதானம் முழுக்கச் சிரிப்பு. அண்டர்ஆம் என்ற சொல்லைக் கேட்டாலே கொதிக்கிற சனம் சிரித்தது.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "பயிற்றுவிச்சது விக்கெட் கணக்கிலை வராது, மாமா" என்றான். வராதுதான். "அப்ப ஹாட்லி இந்தியாவிலை எத்தனை எடுத்தவர் தெரியுமோ?" என்று அடுத்ததைத் தொடங்கினான். 1988 இல் பெங்களூரில் உலக சாதனையே அங்கேதான் முறித்தார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹாட்லியைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். அடுத்த முறை பார்ப்போம்.